மூக்கு மாஸ்டர் வைத்த தீனி

அவருக்கு மூக்கு மாஸ்டர் என்று பெயர் வைத்தது பேக்கரியில் அவரிடம் வேலை பார்த்தவர்கள். மூக்கு ஒன்றும் பெரியதில்லை. பார்க்கப்போனால் கொஞ்சம் சப்பை. ஆனால் அது செய்த வேலையை நாலு கடிகாரம் சேர்ந்தும் செய்திருக்காது. உள்ளே அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும்; இவர் வாசலில் நின்று, மாவு மூட்டையை ஈரத்தில் இறக்கிவிட்ட லாரிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். பாதிப் பேச்சில் நிறுத்தி, "மூணாவது தட்டை எடுங்கப்பா, ஓரம் கருகுது" என்று உள்ளே குரல் கொடுப்பார். போய்ப் பார்த்தால் மூன்றாவது தட்டாகத்தான் இருக்கும். அவர் லாரிக்காரர் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

புளித்த மாவு ஜாடியைத் திறந்து ஒரு தடவை மூச்சை இழுத்தாரென்றால், மாவு இன்று எப்படி உப்பும், எவ்வளவு நேரம் விட வேண்டும், நேற்று யார் கை கழுவாமல் ஜாடியைத் தொட்டது என்பது வரை சொல்லிவிடுவார். கடைசியாகச் சொன்னது வெறும் அளப்பு. இருந்தாலும் யாராவது ஒருவர் திருதிருவென்று விழிப்பார், மாட்டிக்கொள்வார்.

பேக்கரிக்குப் பின்தெருவில் வீடு. முன்னறை, சமையலறை, ஒரு படுக்கையறை, பின்னால் சிமெண்ட் பூசாத ஒரு துண்டு மண். முன்னறை முழுக்க மனைவியின் ராஜ்ஜியம். தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பாள். தெருவுக்கு அவள் டெய்லரம்மா. ஒரே மகள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தது. வீட்டில், மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிற வயதிலும், பாப்பாதான்.

ஒரு நாள் பாப்பா வேலை முடிந்து வரும்போது இருமல் மருந்து வந்த அட்டைப்பெட்டியில் ஐந்து கோழிக்குஞ்சுகளைக் கொண்டுவந்தாள். டெய்லரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. இருக்கிற வீட்டில் மனுஷருக்கே கால் நீட்ட இடமில்லை, இதில் கோழி வேறேயா என்று பொரிந்து தள்ளினாள். பாப்பா பெட்டியை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வருவதற்குள் டெய்லரம்மா வெட்டுத் துணிகளைப் பெட்டிக்குள் பரப்பி, ஓரத்துக் குஞ்சை நடுவில் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

குஞ்சுகள் வளர்ந்ததும் பாப்பா அவற்றுக்கு மருந்துக்கடை ஆட்களின் பெயரை வைத்தாள். எல்லோரையும் கொத்துவது மேனேஜர். தரையில் சிந்திய ஒரு மணியையும் விடாதது கேஷியர். என்றைக்கு முட்டை வைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாதது இன்ஸ்பெக்டர். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாக நடந்து வந்து, தனக்கு இடம் விடவில்லையே என்று பார்ப்பது பெரிய டாக்டர். நர்ஸ் மட்டும் சாது. அதற்கு ஒரே ஒரு பைத்தியம். அடிக்கடி அடை உட்கார்ந்துவிடும். சேவல் இல்லாத வீட்டில் அந்த முட்டைகளிலிருந்து என்ன வரப் போகிறது? அது நர்ஸுக்குப் புரியவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, சாப்பிடக்கூட எழுந்து வராமல் உட்கார்ந்திருக்கும்.

குளிர் மாதங்களில் காலையில் வெதுவெதுப்பாகத் தீனி கொடுத்தால் கோழிகள் தெம்பாக இருக்கும் என்று பாப்பா எங்கேயோ கேட்டுவந்தாள். அப்பாவிடம் ஒரு கரண்டி புளித்த மாவு கேட்டாள். என் மாவு கோழிக்கா என்று அவர் முறைத்தார். மறுநாள் நல்ல ஜாடியிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்தார். கோதுமைத் தவிடும் உடைத்த சோளமும் தண்ணீரும் கண்ணாடி ஜாடியில் போட்டு, அந்த மாவைக் கலந்து, வாயில் துணி கட்டி வைத்தால் விடியும்போது நுரைத்திருக்கும். அதைச் சட்டியில் கொட்டி வெந்நீர் விட்டுக் கிளறுவாள். துருவிய கேரட், பொடியாக நறுக்கிய கீரைத்தண்டு, வறுத்து இடித்த முட்டை ஓடு. கடைசியில் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு துளி வைத்துச் சூடு பார்ப்பாள், கைக்குழந்தைக்குப் பால் பார்ப்பது போல. அதற்குள் பின்கதவுக்கு வெளியே மேனேஜர் கதவைக் கொத்திக் கிழித்துக்கொண்டிருக்கும்.

ஒரு மழைநாள் மாலை, கடை முடிந்து வரும் வழியில், பாப்பாவின் ஸ்கூட்டர் சறுக்கியது. பின்னால் வந்த வண்டியால் நிறுத்த முடியவில்லை. இதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் யாரிடமும் சொன்னதில்லை.

டெய்லரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். மெஷின் ஊசிக்கடியில் பாதி தைத்த திரைச்சீலை அப்படியே கிடந்தது. மாஸ்டர் ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொள்வாள், பிறகு உதட்டை இறுக்கிக்கொள்வாள். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் தைரியம் சொன்னார்கள், போனார்கள். மாஸ்டருக்கு நெஞ்சுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. மகளை வாரிக் கொடுத்தாயிற்று. இவளும் இந்தச் சுவரைப் பார்த்தபடியே போய்விடுவாள் என்று பயந்தார்.

அவளை எழுப்பியது கோழிகள்தான். ஒரு காலையில் அவர் துக்கத்தில் தீனி வைக்க மறந்துவிட்டார். ஐந்தும் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று ஊரைக் கூட்டின. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்து, கலைந்த கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"பாப்பா கோழி பட்டினி கிடக்குதுங்க" என்றாள்.

பல நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. மாஸ்டர் சமையலறைக்குப் போய், தவிட்டு டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்றிலிருந்து சொல்லாமலே ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜாடியும் சட்டியும் அவர் பொறுப்பு, எடுத்துப்போய் வைப்பது அவள் பொறுப்பு. முழங்கால் தேய்ந்துபோனதால் அவர் பேக்கரியை விட்டுவிட்டார். ஆனால் ரொட்டிக்காரனின் விழிப்பு அவரை விடவில்லை. இருட்டிலேயே எழுந்து, ஜாடியை முகர்ந்து, தலையசைத்து, வெந்நீர் வைத்து, பாப்பா செய்தபடியே கிளறுவார். சட்டியை மூடிச் சூடு ஆற வைத்துவிட்டு, முனைக் கடைக்கு நடந்து போய்ப் பால் வாங்கி வருவார். அவர் திரும்பி வந்ததும் அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போவாள். அவர் கதவுநிலையில் சாய்ந்து நிற்பார். மேனேஜரை அதட்டுவாள், பெரிய டாக்டருக்கு வழிவிடச் சொல்வாள், கேஷியரின் அலகைத் துடைத்துவிடுவாள். முழங்கால் வலியோடு அவர் எழுந்ததும் கிளறியதும் அந்த அதட்டலைக் கேட்கத்தான். கோழிகள் உள்ளவரை இவள் எழுந்து நடப்பாள் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டார். மெஷினும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட ஆரம்பித்தது.

இன்னொன்றும் இருந்தது. பாப்பாவின் சாம்பல் நிற ஸ்வெட்டர். மருந்துக்கடையில் ஏசி அதிகம் என்று கோடையிலும் போட்டுக்கொள்வாள். விபத்து நடந்த அன்று அதைக் கடை நாற்காலியில் மறந்து வைத்துவிட்டு, அப்படியே மழையில் கிளம்பிவிட்டாள். கடைக்காரர்கள் பிறகு கொண்டுவந்து கொடுத்தார்கள். முகத்தில் வைத்தால் பாப்பா அப்படியே இருந்தாள். அவள் சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், மருந்துக்கடையின் கசப்பு வாடை, கழுத்துப் பட்டையில் கொஞ்சம் வியர்வை. வாசனை எப்படிப் போகும் என்பது ரொட்டிக்காரருக்குத் தெரியாதா? திறக்கத் திறக்கப் போகும். பேக்கரியில் ரொட்டிக்குப் போடுகிற கனமான கவரை இரண்டாக மடித்து, அதற்குள் ஸ்வெட்டரை வைத்து, காற்றைப் பிதுக்கி எடுத்து இரண்டு முடிச்சுப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பது என்று பேசிக்கொண்டார்கள். அவள் ஒரு தடவை, அவர் ஒரு தடவை. பிறகு மறுபடி முடிச்சு.

போன மழைக்காலத்தில் மாஸ்டருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூக்கும் தொண்டையும் அடைத்து, எழுந்து நிற்க முடியாமல் கிடந்து, ஒருவழியாகத் தேறினார். தேறிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முடிச்சை அவிழ்த்தார்கள். அவள் முகம் புதைத்துவிட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கி மூச்சை இழுத்தார்.

ஒன்றுமில்லை. கம்பளி மூக்கில் உரசியது, அவ்வளவுதான்.

வாசனை தீர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். இவளிடம் எப்படிச் சொல்வது என்று நிமிர்ந்து பார்த்தால், அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். முகம் இளகி, கன்னத்தில் நீர் இறங்குகிறது. அப்படியானால் வாசனை இருக்கிறது. இல்லாமல் போனது அவருடைய மூக்கு.

"இருக்கு" என்றார் அவர். அவள் தலையசைத்தாள்.

அவள் தூங்கிய பிறகு சமையலறைக்குப் போய்ப் பூண்டை நசுக்கிப் பார்த்தார், வினிகர் பாட்டிலைத் திறந்து பார்த்தார். இரண்டும் தண்ணீராக இருந்தன. நாள் போனால் சரியாகும் என்று காத்திருந்தார். சரியாகவில்லை. மனைவியிடம் சொல்லவுமில்லை. மூக்கு மாஸ்டருக்கு மூக்கில்லை என்று சொல்ல வெட்கம் என்பது ஒரு பக்கம். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று அவர் வாயைக் கட்டியது. உண்மையைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாவோடு அவள் தனியாகிவிடுவாள். இரண்டு பேராகச் சுமந்ததை அவள் ஒருத்தி தலையில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அதனால் வாரந்தோறும் வெறும் கம்பளியில் முகத்தை வைத்து, "இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் கிட்டத்தட்ட மாட்டிக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, புகை கூரைக்கு ஏறியது; அவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டெய்லரம்மா முன்னறையிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். நீ வருகிறாயா என்று பார்த்தேன் என்று அவர் சிரித்து மழுப்பினார். அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள். தப்பித்தோம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கோழித் தீனியை அவர் விடவில்லை. ஜாடியைத் திறந்து முகர்வதுபோல் குனிவார், நுரையைக் கண்ணால் பார்ப்பார், கையால் பிசைந்து பார்ப்பார். ஆரம்பத்தில் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் பால் வாங்கி வந்து கதவுநிலையில் நின்று பார்த்தால், ஐந்தும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு சட்டியைக் காலி செய்தன. போகப் போக அவருக்குத் தெம்பு வந்தது. மூக்கு போனால் என்ன, கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டார்.

இந்தக் குளிர்காலம் கொஞ்சம் கடுமை. டெய்லரம்மாவுக்குச் சளி பிடித்து, மூக்கு ஒழுகி, பிறகு கெட்டியாக அடைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் வைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். மறுபடி வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க. சளியாலயா, இல்ல போயிடுச்சா? நீங்க பாருங்க. இருக்கா?"

அவர் வாங்கி, நீளமாக மூச்சை இழுத்தார். கண்ணைக்கூட மூடினார்.

"இருக்கு" என்றார்.

அவள் மூச்சு விட்டாள். அவரே முடிச்சுப் போட்டு வைத்தார்.

அன்று மாலை அவருக்குக் கோழிகளுக்கு ஏதாவது விசேஷமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. குளிர் எலும்பைத் துளைக்கிறது, மனைவி இருமிக்கொண்டு கிடக்கிறாள். காலையில் கோழிகள் குஷியாகச் சாப்பிடுவதைப் பார்த்தால் அவளுக்கும் கொஞ்சம் உற்சாகம் வரும் என்று நினைத்தார். சமையலறை மூலையில், பாட்டிலில், மீன் தலை வேகவைத்த தண்ணீர் இருந்தது. கோழிக்குச் சத்து என்று சில நாள் முன்னால் அவரே எடுத்துவைத்தது. தவிட்டோடு அதையும் ஜாடியில் ஊற்றினார். ஆறிப்போகக் கூடாதென்று துணிக்குப் பதில் மூடியை இறுக்கித் திருகி, சூடு தணியாத அடுப்போரம் வைத்தார். மூக்கிருந்த காலத்து மாஸ்டராக இருந்தால் பாட்டிலைத் திறந்த கையோடு தெருக்கோடிச் சாக்கடையில் கொட்டியிருப்பார். காலையில் ஜாடி நன்றாக நுரைத்திருந்தது. அவர் திருப்தியாகக் கிளறி, கேரட் துருவி, மணிக்கட்டில் ஒரு துளி வைத்துச் சூடு பார்த்து, மூடிவைத்துவிட்டுப் பாலுக்குப் போனார்.

கோழிகள் நன்றாகவே சாப்பிட்டன. நர்ஸ் மட்டும் வரவில்லை. அது மறுபடி அடை உட்கார்ந்திருந்தது. டெய்லரம்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

சாயங்காலம் கேஷியர் நடக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுநாள் காலையில் நான்குக்கும் கழுத்து தொய்ந்து, அலகு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. டெய்லரம்மா அவற்றைச் சமையலறைக்குத் தூக்கிவந்து, வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றின் தலையையும் கையில் தாங்கிப் பிடித்தாள். முதலில் போனது கேஷியர், அப்புறம் இன்ஸ்பெக்டர், பெரிய டாக்டர். எல்லோரையும் கொத்திய மேனேஜர் அவள் மடியிலேயே, ஒரு சத்தமும் இல்லாமல் அடங்கியது. இருமலுக்கு நடுவே அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தின ராத்திரி கூண்டுக் கதவுக்குச் சாக்கு போட மறந்துவிட்டேன், குளிரில் விறைத்துவிட்டன, பாப்பா கோழியை நானே கொன்றுவிட்டேன்.

அவளுடைய தம்பி கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சொல்லி அனுப்பியதும் ஓடிவந்தான். நான்கையும் தூக்கிப் பார்த்தான், கழுத்தை விரலால் நிமிர்த்திப் பார்த்தான். பிறகு மாஸ்டரைக் கொல்லைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"மாமா, இது குளிர் இல்ல. என்ன தீனி குடுத்தீங்க?"

அவர் சொன்னார். மீன் தண்ணீர் என்றதும், மூடியை இறுக்கிவைத்தேன் என்றதும், கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு கையைக் கழுவினான். கெட்டுப்போனது நஞ்சாகிவிடும், இப்படித்தான் கழுத்து விழும், அடை உட்கார்ந்தது தின்னாததால் பிழைத்தது என்றான். பிறகு, அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம், குளிர் என்றே இருக்கட்டும் என்றான். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். நான்கையும் சுவரோரம் குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் போனான்.

டெய்லரம்மா அறைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாஸ்டர் சமையலறையில் நின்றார். அடுப்போரம் கழுவாத ஜாடி இருந்தது. கம்பவுண்டர் சொன்னபடி விட்டுவிட்டால், பழி குளிருக்கும் ஒரு சாக்குக்கும் போய்ச் சேரும்; அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சாக்கைப் போட மறந்தது அவள். மகள் போன துக்கத்தோடு, மகளின் கோழிகளைக் கொன்ற பாவமும் சேர்ந்தால் அவள் அந்தச் சுவரிலிருந்து இனித் திரும்பவே மாட்டாள். சொன்னாலும் என்ன ஆகும் என்று தெரியவில்லை. இத்தனை நாள் ஏமாற்றியதற்கு அவள் அவர் முகத்தில் விழிக்காமலே இருந்துவிடலாம். போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"குளிர் இல்லம்மா. சாக்கும் இல்ல. நான் வெச்ச தீனி கெட்டுப் போயிருந்துச்சு. எனக்கு வாசனையே தெரியாது. அந்தக் காய்ச்சல்லேருந்து தெரியாது. உன்கிட்ட மறைச்சுட்டேன்."

அவள் திரும்பவில்லை.

"தெரியும்" என்றாள்.

அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"பால் தீஞ்ச அன்னிக்கே தெரியும்."

பிறகு சுவரைப் பார்த்தபடியே, அடைத்த குரலில், மெல்ல மெல்லச் சொன்னாள். பாலைத் தீயவிட்டு அவர் பேப்பர் படித்ததைப் பார்த்த நாளிலிருந்து, தினமும் அவர் பாலுக்குப் போனதும் சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்திருக்கிறாள். சரியாக இருந்த நாட்களில் அப்படியே மூடிவிடுவாள். சில நாள் தவிடு பூஞ்சை வாடை அடிக்கும், சில நாள் ஜாடி அளவுக்கு மீறிப் புளித்துக் குடலைப் புரட்டும். அன்றெல்லாம் அதைக் குப்பைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிட்டு, புதுத் தவிட்டில் வெந்நீர் ஊற்றி, புளிப்புக்கு ஒரு கரண்டி தயிர் விட்டு, அவர் துருவின மாதிரியே கேரட் துருவி, அதே சட்டியில், அதே மூடியைப் போட்டு வைத்திருக்கிறாள். அவர் வருவதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். அவர் ரசித்துப் பார்த்த பல காலைகளில் கோழிகள் தின்றது அவள் செய்த தீனி.

"உங்க கையால சாப்பிடுதுன்னு கதவுகிட்ட நின்னு சிரிப்பீங்க. பாப்பா போனதுக்கப்புறம் நீங்க சிரிச்சு நான் பாத்தது அங்க மட்டும்தான். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலைங்க."

அந்தக் காலையிலும் சட்டியைத் திறந்திருக்கிறாள். மூக்கு அடைத்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை. கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யலாமா என்று நினைத்தாள், உடம்பு தள்ளாடியது. ஒரு நாள்தானே என்று மூடிவிட்டாள். அவர் பால் பாத்திரத்தோடு வந்து நின்றார். எடுத்துக்கொண்டு போய் வைத்தாள். கோழிகள் விழுந்ததும், தீனி என்று அவருக்குத் தெரிய வேண்டாமென்றுதான் சாக்கைச் சொல்லிப் புலம்பியிருக்கிறாள்.

மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்காமல் இருந்து இருந்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து பாப்பாவின் கோழிகளை முடித்துவிட்டார்கள். அவருக்கு யார் மேலும் கோபப்படத் தெரியவில்லை. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அப்போ ஞாயித்துக்கிழமை? என்னால முடியாதுன்னு தெரிஞ்சும் அந்த ஸ்வெட்டரை ஏன் என்கிட்ட குடுத்தே?"

அவள் இப்போது திரும்பினாள். முகமெல்லாம் சளியும் கண்ணீருமாக வீங்கியிருந்தது.

"வேற யார்கிட்டங்க குடுக்கறது?"

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பாப்பாவுக்கு மண் போட்ட நாளில்கூட அப்படி அழவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து, அவர் முதுகில் கையை வைத்தாள். கடைசியில், நர்ஸ் ஒன்றும் தின்னாமல் உட்கார்ந்திருக்கும், ஏதாவது வெதுவெதுப்பாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று சொல்லி அவள்தான் முதலில் எழுந்தாள்.

அன்றிலிருந்து ஜாடி கிடையாது. புதுத் தவிடு, வெந்நீர், கேரட். எதையும் ஊறவைப்பதில்லை, மிச்சம் பிடிப்பதில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே செய்தார்கள். அவர் மணிக்கட்டில் சூடு பார்ப்பார், அவள் சட்டியை அடைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைப்பாள். நர்ஸ் கழுத்தை மட்டும் நீட்டி நாலு கொத்துக் கொத்திவிட்டு மறுபடி முட்டைகள் மேல் அமர்ந்துகொள்ளும். கம்பவுண்டர் ஒரு நாள் வந்து, அது கூமுட்டைமேல் உட்கார்ந்து வீணாக மெலிகிறது, தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் குஞ்சு பொரிக்கிற முட்டையாகக் கொண்டுவந்து வைக்கிறேன் என்றான். டெய்லரம்மா இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அதுவாக எழுந்திருக்கிறபோது எழுந்திருக்கட்டும் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மூக்கு இன்னும் அடைத்தே இருந்தது. கவரைத் திறக்க வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் சளி விட்டது. சட்டியை முகர்ந்து, இன்றைக்குக் கேரட் நல்ல கேரட் என்றாள். பக்கத்து வீட்டில் வெங்காயம் தீய்கிறது என்றாள். மாஸ்டர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மத்தியானம் கட்டிலில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அவர் முடிச்சை அவிழ்த்தார். அவள் ஸ்வெட்டரை எடுத்து, கழுத்துப் பட்டையை விரித்து, முகத்தைப் புதைத்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் புதைத்திருந்தாள். ஒரு தடவை என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. கழுத்தில், கைமடிப்பில், அக்குளில், உள்பக்கத் தையலில் என்று ஒவ்வோரிடமாக மூக்கை வைத்துப் பார்த்தாள். அவர் கவரின் வாயை விரித்துப் பிடித்தபடி காத்திருந்தார்.

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கவில்லை. ஸ்வெட்டரை மடியில் வைத்துச் சீராக மடித்தாள்.

"இருக்கு" என்றாள்.

அந்தக் குரலை மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். வாரந்தோறும் அவரே பேசிய குரல் அது. அவர் கையை நீட்டி ஸ்வெட்டரை வாங்கி, தன் முறைக்குத் தானும் முகத்தில் வைத்து மூச்சை இழுத்தார். "ஆமாம்மா, இருக்கு" என்றார். பிறகு அதைக் கவருக்குள் வைத்து, காற்றைப் பிதுக்கி எடுத்து, வாசனை போய்விடாமல் எப்போதும் போல இரண்டு முடிச்சுப் போட்டார்.